கேரமா, தாயமா, டிரேடா? மூன்று தலைமுறை சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு எந்தப் பலகை

மே மாத விடுமுறை நெருங்கும்போது தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “எட்டு வயசுப் பையன், பதிமூணு வயசுப் பொண்ணு, நாங்க ரெண்டு பேர், மாமியார். எல்லாரும் சேர்ந்து உட்கார்ற மாதிரி ஒரே ஒரு போர்டு வாங்கணும். கேரமா, டிரேடா, செஸ்ஸா?” கடையில் கேட்டால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த எண் ஒரு குழந்தைக்குப் பொருந்தும். எட்டு வயதும் எழுபது வயதும் ஒரே பாயில் உட்காரப்போகும் வீட்டுக்கு அது எதையும் சொல்லாது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் தோற்றால் முதலில் எழுந்து போகிறவர் யார்? எங்கள் வீட்டில் அது சின்ன மகள். அவள் முகம் சுருங்கி எழுந்தால் சமாதானப்படுத்தப் பாட்டியும் கூடவே எழுவார். மிச்சமிருக்கும் இரண்டு பேருக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டாது; பலகை பரண் ஏறிவிடும். இப்படி இரண்டு பலகைகள் பரண் ஏறிய பிறகுதான், வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் கடைசிவரை ஏதாவது வேலை இருக்கிறதா? பாதியிலேயே வெளியேற்றும் ஆட்டம் வேறு, கடைசிக் கட்டத்தில்கூட மீளலாம் என்று உட்கார வைக்கும் ஆட்டம் வேறு. என் கணக்கில் இதற்குத்தான் பாதி மதிப்பெண்.

அடுத்து, அதிர்ஷ்டமும் திறமையும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. முழுக்கத் திறமை என்றால் பெரியவரே ஜெயித்துக்கொண்டிருப்பார். குழந்தை அதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். முழுக்க அதிர்ஷ்டம் என்றால் பதின்ம வயதுக்காரர்களுக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

பிறகு உடம்பு. தரையில் உட்கார முடியாத முழங்கால், கண்புரை, நடுங்கும் கை எல்லாம் மூன்று தலைமுறை வீட்டில் உண்டு. விலையைவிட இதுதான் பல பலகைகளை ஓரங்கட்டுகிறது. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு இடம், எவ்வளவு காசு என்பவற்றைச் சொல்லவே வேண்டாம்.

## தாயம்

வாங்கவே தேவையில்லாத பலகை இது. நான்கு பேர் ஆடலாம். இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்தால் எட்டுப் பேர் உட்காரலாம். கட்டத்தைப் போட்டு, மலைகளுக்கு, அதாவது காயை வெட்ட முடியாத கட்டங்களுக்கு, பெருக்கல் குறி இட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காய் எடுத்துக்கொண்டால் முடிந்தது. காய்க்குப் புளியங்கொட்டை, வளையல் துண்டு, சட்டைப் பொத்தான், எது கிடைத்தாலும் சரி.

நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் வெட்டு, அதாவது எதிராளியின் காயை அடித்து வெளியே அனுப்புவது. ஒருவர் முன்னால் போய்விட்டால் மற்ற மூவரும் அவரைத் துரத்துவார்கள். காய் உள்ளே போய்ப் பழமாக இன்னும் இரண்டு கட்டம் இருக்கும்போது வெட்டுப்பட்டுத் திரும்பவும் தாயத்துக்குக் காத்திருப்பவரும் உண்டு. எல்லாருக்கும் பின்னால் கிடந்து வரிசையாகப் பன்னிரண்டும் ஆறும் ஐந்தும் போட்டு முந்துகிறவரும் உண்டு. எண் விழுவது அதிர்ஷ்டம். அந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது, மலையில் ஒதுங்குவதா, வெட்டப் போவதா என்பதில் புத்தி வேண்டும். பாட்டிக்கு இதில் ஐம்பது வருடப் பழக்கம் இருக்கும். பேரன் பேத்திகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்காருவது இந்த ஆட்டத்தில்தான்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சரிசெய்யவும் முடியும். காய் இறங்க தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். பித்தளைக் கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று வெறுமை, மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் வருவது 2 விதத்தில் மட்டுமே, அதாவது எட்டுக்கு ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயமே விழாமல் போக நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருக்கிறது. நான்கு பேர் ஆடினால் அந்த நால்வரில் ஒருவர் அரை மணி நேரம் வெளியிலேயே உட்கார்ந்திருப்பது சாதாரணம். அந்த ஒருவர் எட்டு வயதுக் குழந்தையாக இருந்தால் ஆட்டம் அங்கேயே கெட்டது.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, முதல் காய்க்கு மட்டும் ஐந்து விழுந்தாலும் இறக்கலாம் என்று பேசிக்கொள்வது. ஐந்தும் 16-இல் 2 விதத்தில் விழும். இறங்கும் வாய்ப்பு நான்குக்கு ஒன்றாக இரட்டிக்கிறது. இன்னொன்று, கட்டையை விட்டுவிட்டுப் பழைய முறைப்படி ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த நான்கு புளியங்கொட்டைகளைப் போடுவது. கறுப்பும் வெள்ளையும் சமமாக விழும் என்று கொண்டால், ஒன்று மட்டும் வெள்ளையாக விழுவது 16-க்கு 4. பாட்டிகள் சின்னக் குழந்தைகளோடு ஆடும்போது புளியங்கொட்டையை எடுப்பதற்குப் பின்னால் இப்படியொரு கணக்கு இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

மறைந்த செலவுகளும் உண்டு. வழவழப்பான டைல்ஸ் தரையில் சாக்பீஸ் நிற்காது. துணியிலோ கெட்டியான சார்ட் அட்டையிலோ வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வரைந்தால் மேஜை மேல் விரிக்கலாம், முழங்கால் வலிக்காரரும் நாற்காலியில் உட்காரலாம். பித்தளைக் கட்டை விழும் சத்தம் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குக் கேட்கும். இரவில் அடியில் ஒரு போர்வை மடித்துப் போடுங்கள். ஏழுக்கு ஏழு கட்டத்தில் ஆளுக்கு ஆறு காய் வைத்தால் ஒரு மதியம் முழுக்க ஓடும். முதல் வாரம் ஐந்துக்கு ஐந்து கட்டம், ஆளுக்கு நான்கு காய் போதும். இன்னொன்று: ஊருக்கு ஊர் விதி மாறும். அம்மா வீட்டு விதியும் அப்பா வீட்டு விதியும் மோதுவதற்கு முன்னால், வெட்டாமல் உள்ளே போகலாமா, வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டா என்ற இரண்டை மட்டுமாவது எழுதி ஒட்டிவிடுங்கள்.

## கேரம்

தாயத்துக்கு நேர் எதிர். அதிர்ஷ்டம் மிகக் குறைவு, விரல்தான் எல்லாம். நான்கு பேர் வரை ஆடலாம். ஒரு போர்டு முடிய பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும் என்பது இதன் பெரிய பலம். தோற்றவர் உடனே “இன்னொரு போர்டு” என்று கேட்கலாம். தோல்வியைச் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பலவீனமும் அந்த விரலில்தான் இருக்கிறது. கல்லூரியில் ஆடிப் பழகிய சித்தப்பா ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் ஐந்து காயினை வரிசையாகப் போட்டு, ரெட்டும் போட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயினையும் போட்டுவிடுவார். எதிரே இருக்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் இதற்கு வழக்கம் ஒன்று உண்டு: நன்றாக ஆடுகிறவர் இடது கையால் ஆட வேண்டும், அல்லது ஆடத் தெரியாத சிறுசை எதிரே உட்காரவைத்து ஜோடி சேர வேண்டும். நால்வர் ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்காருவதால், தாத்தா போட்ட காயினுக்குப் பேத்தியும் கை தட்டுவாள். குடும்பமாக ஆடுவதென்றால் ஜோடி ஆட்டத்தை மட்டுமே சொல்வேன்.

வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும். போட்டிப் பலகையின் ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம்; சட்டத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய 35 அங்குலம் வரும். அதைச் சுற்றி நான்கு பேர் முழங்கையை நீட்டி உட்கார வேண்டும். சின்ன வரவேற்பறையில் சோபாவை நகர்த்தாமல் முடியாது, தினமும் நகர்த்த யாருக்கும் மனம் வராது. அதற்காகப் பொம்மைக் கடையின் 20 அங்குலப் பலகையை வாங்கிவிடாதீர்கள். அதில் காயினும் சிறியது, பை வாயும் சிறியது, பெரியவர்களுக்கு விரலே நிற்காது; ஒரே மாதத்தில் அது குழந்தையின் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். இடம் குறைவென்றால் 26 அங்குலம் நடுவழி. மலிவுப் பலகைகளில் 4 மில்லிமீட்டர் பிளைவுட் இருக்கும். 8 மில்லிமீட்டர் எடுத்தால் ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டுத் திரும்பும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

செலவு பலகையோடு நிற்பதில்லை. ஸ்டாண்ட், மேலே தொங்கவிடும் விளக்கு, நல்ல ஸ்ட்ரைக்கர், பவுடர் என்று தொடரும். சுவரில் சாய்த்தே வைத்திருந்தால் பலகை வளையும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பவுடரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கடைகளில் கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் பவுடர். அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. விரலை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்; உலர்ந்த உருளைக்கிழங்கு ஸ்டார்ச் அந்த வேலையைச் செய்யும். பெரிய பிள்ளைகளையும் ஆடி முடித்ததும் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.

பிள்ளைக்கு ஆட்டம் பிடித்துவிட்டால் அதற்கு மேலே போக வழி இருப்பது கேரத்தின் தனிச் சிறப்பு. சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988-இல் சென்னையில்தான் உருவானது. சென்னையின் மரிய இருதயம் 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைக்காரர்தான். வரவேற்பறைப் பலகையில் தொடங்கும் ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த ஸ்ட்ரைக்கைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு அடிப்பாள்.

## டிரேட், பிசினஸ், மோனோபோலி

இடம் வாங்கு, வீடு கட்டு, வாடகை வாங்கு. பெயர் எதுவானாலும் ஆட்டம் ஒன்றுதான். இதன் வேர் லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை பெற்ற ஒரு ஆட்டத்தில் இருக்கிறது. நிலம் சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் எப்படி நசுங்குவார்கள் என்று காட்டவே அவர் அதைச் செய்தார். அதை அறிந்தபோதுதான் எனக்கு இந்த ஆட்டம் வீடுகளில் ஏன் சண்டையில் முடிகிறது என்பது விளங்கியது. முந்தியவர் மேலும் முந்தவும், பின்தங்கியவர் மேலும் தாழவும்தான் இது அமைக்கப்பட்டிருக்கிறது. முதலில் திவாலாகும் பிள்ளை மற்றவர்கள் முடிக்கும்வரை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சும்மா உட்கார வேண்டும். என் முதல் அளவுகோலில் இது தேறவே இல்லை.

ஆனாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் இதற்கு இடம் உண்டு. சில்லறை கொடுப்பது, கடன் வைப்பது, பேரம் பேசுவது எல்லாம் பிள்ளைகளுக்கு வெறி பிடிக்கும் அளவுக்குப் பிடிக்கும்; வங்கிக்காரராக உட்காரும் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் தானாக வரும். அப்படி ஆடுவதாக இருந்தால், மோனோபோலியின் விதிப் புத்தகத்தில் இருந்தும் பெரும்பாலான வீடுகள் விட்டுவிடும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருவர் நின்ற இடத்தை வாங்காவிட்டால் அது உடனே ஏலத்துக்கு வர வேண்டும். இடங்கள் சீக்கிரம் விற்றுப்போகும், ஆட்டம் வெகுவாகக் குறையும். அபராதப் பணத்தை நடுவில் குவித்து ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். அது விதியிலேயே இல்லை, ஆட்டத்தை இழுக்க மட்டும் செய்யும். ஒன்றரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் யார் கையில் எவ்வளவு சொத்து என்று எண்ணிவிடுங்கள். யாரும் திவாலாக வேண்டியதில்லை.

## சதுரங்கம், ஆடுபுலி, பல்லாங்குழி

மூன்றும் இருவர் ஆட்டம். ஐந்து பேர் வீட்டுக்கு “எல்லாரும் சேர்ந்து” என்ற தேவையை இவை தீர்க்காது. ஆனால் ஒரே ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மதியம் தனியாக இருக்கும் வீடுகள் இப்போது நிறைய. அங்கே வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா. அதிர்ஷ்டம் துளியும் இல்லாத ஆட்டம் என்பதால் பெரியவர் ராணியை எடுத்துவிட்டு ஆடத் தொடங்கலாம். பிள்ளை தேறத் தேறக் காய்களைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. இதை அணியாக ஆடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்து குசுகுசுவென்று கலந்து பேசுவார்கள், தாத்தா ஒருவராகப் புலியை நகர்த்துவார். ஆட்டுக்காரர்கள் அவசரப்படாமல் நெருக்கி அடைத்தால்தான் புலி கட்டுப்படும். ஒற்றுமையாக நின்றால் ஜெயிக்கலாம் என்பதை ஆறாவது ஏழாவது ஆட்டத்தில் அவர்களே கண்டுபிடிக்கும் நேரம் பார்க்க அவ்வளவு அழகு. செலவு ஒரு சாக்பீஸ்.

பல்லாங்குழியின் 14 குழிகளில் எண்ணிப் போடுவது, எண்ணத் தொடங்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கையால் செய்யும் கணக்கு. கண் சரியாகத் தெரியாத பாட்டிகூட விரலால் தடவி ஆடிவிடுவார். ஒன்றே ஒன்று: முத்தாகக் குன்றிமணியைப் போடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் கொடிய விஷம். சோழியோ புளியங்கொட்டையோ போதும்.

## பரமபதம், லூடோ

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கம் எதற்காக என்று யோசித்தால் அதன் இடம் புரியும். மூளைக்கு வேலையில்லை, பேசிக்கொண்டே ஆடலாம், நாலு வயதுக் குழந்தை பாட்டியை ஜெயிக்கும். ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் இதுவே முதல் பலகை. அதற்கு மேல் அலுக்கும். லூடோ ஒரு படி மேல், வெட்டு உண்டு. ஆனால் தாயம் தெரிந்த வீட்டுக்கு அது அவசியமில்லை. பேரப்பிள்ளைகள் டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் மட்டும் கைபேசி லூடோவைப் பரிந்துரைப்பேன். வீடியோ அழைப்பில் “சாப்பிட்டியா” என்பதற்குப் பிறகு பேச்சு நின்றுபோகும் தாத்தாவுக்கு அது நல்ல துணை.

## புது வெளிநாட்டு ஆட்டங்கள்

1995-இல் ஜெர்மனியில் வந்த கேட்டன், 2004-இல் வந்த டிக்கெட் டு ரைட், 2008-இல் வந்த பாண்டமிக் ஆகியவற்றை இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். இவற்றில் யாரும் பாதியில் வெளியேறுவதில்லை. அதற்காகவே எனக்குப் பிடிக்கும். பாண்டமிக்கில் எல்லாரும் ஒரே அணி, நோய் பரவாமல் தடுக்க வேண்டும், சேர்ந்தே ஜெயிப்போம் அல்லது சேர்ந்தே தோற்போம். தோற்றால் அழும் பிள்ளைக்கு அது மருந்து. ஆனால் வீட்டில் ஒருவர் எல்லாருக்கும் ஆணையிடத் தொடங்கினால் மற்றவர்கள் காய் நகர்த்தும் கைகளாக மட்டும் ஆகிவிடுவார்கள்.

விலை சில ஆயிரங்கள். அதைவிடப் பெரிய செலவு ஆங்கிலம். பாண்டமிக்கின் அட்டைகளில் படிக்க நிறைய உண்டு, பாட்டிக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கெட் டு ரைடில் நிறம் சேர்த்து ரயில் பாதை பிடிப்பதுதான் வேலை. ஊர்ப் பெயரை மட்டும் காட்டிக்கொடுத்தால் போதும், இரண்டு முதல் ஐந்து பேர் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம். கேட்டன் அடிப்படைப் பெட்டியில் நால்வருக்கு மேல் ஆட முடியாது, ஐந்தாமவருக்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். இதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு வருந்தியவர்களை அறிவேன்.

ஸ்க்ராபிளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளையும் தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர்களையும் அது இரண்டாகப் பிரித்துவிடும்.

## ஒரு பார்வையில்

| ஆட்டம் | எத்தனை பேர் | நேரம் | தோற்றுக்கொண்டிருப்பவர் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| தாயம் | 2 முதல் 4, ஜோடியாக 8 | 1 மணிக்கு மேல் | கடைசிவரை மீளலாம் | தாயத்துக்குக் காத்திருப்பு |
| கேரம் | 2 முதல் 4 | ஒரு போர்டு 15 நிமிடம் | உடனே அடுத்த போர்டு | இடம், போரிக் பவுடர் |
| டிரேட் வகை | 3 முதல் 6 | 2 மணியும் தாண்டும் | பாதியில் வெளியேறுவார் | ஏலமும் அலாரமும் வேண்டும் |
| சதுரங்கம் | 2 | அரை மணி முதல் | மீள்வது கடினம் | பெரியவர் காய் குறைத்து ஆடணும் |
| ஆடுபுலி | 2 பேர் அல்லது 2 அணி | அரை மணி | அணியாகத் தாங்கிக்கொள்ளலாம் | பொறுமை |
| பரமபதம் | 2 முதல் 4 | அரை மணி | ஏணி காப்பாற்றும் | சீக்கிரம் அலுக்கும் |
| டிக்கெட் டு ரைட் | 2 முதல் 5 | 1 மணி | கடைசிவரை ஆடுவார் | விலை, ஆங்கிலம் |

## எந்த வீட்டுக்கு எது

எட்டு வயது, பதிமூன்று வயது, அப்பா, அம்மா, பாட்டி என்ற அந்த வீட்டுக்கு என் பதில் தாயம். நான்கு இடம்தான் என்பதால் சின்னவனும் பாட்டியும் ஒரே இடத்துக்கு இருவராக உட்காரட்டும். காசு எதுவும் செலவாகாததால், கையிலிருக்கும் பணத்தை அடுத்த வருடம் ஒரு நல்ல கேரம் பலகைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சின்னவனுக்கு விரலும் தேறிவிடும்.

பிள்ளைகள் இருவரும் பன்னிரண்டு தாண்டியிருந்து, பலகையை நிரந்தரமாகப் போட்டுவைக்க ஒரு மூலை இருந்தால் தயங்காமல் கேரம் வாங்குங்கள். மூலை இல்லையென்றால் வேண்டாம். எடுத்து மாட்டி, விளக்குப் போட்டு, பிறகு கழற்றி வைக்க வேண்டிய பலகையில் முதல் மாதத்துக்குப் பிறகு யாரும் ஆடுவதில்லை. கை நடுங்கும் தாத்தா இருக்கும் வீட்டிலும் கேரத்தை முதலாவதாக வாங்காதீர்கள். அவருக்கு உருட்டவும் நகர்த்தவும் மட்டும் தேவைப்படும் ஆட்டம் கொடுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டி வாங்கியே தீருவோம் என்றால் டிக்கெட் டு ரைட். வாங்குமுன், அதை வைத்திருக்கும் யார் வீட்டிலாவது பாட்டியையும் கூட்டிப்போய் ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

இன்று மாலையே தொடங்க நினைப்பவர்களுக்கு: பழைய நாட்காட்டியின் ஒரு தாளைப் பின்பக்கமாகத் திருப்பி ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்க்கப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். அந்தச் சத்தம் கேட்டுப் பாட்டி தானாக வந்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார்.